விரிவாக்கப் பிரிவில் ஒருத்தி

கே.கே. நகரில் ‘வைகைத் தென்றல் இளையோர் வாத்தியப் பேரவை’ என்று ஒன்று இருக்கிறது. மதுரையில் தொண்டு செய்கிற சபைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தலைவர் முதல் வாசல் பெருக்குகிறவர் வரை இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது என்று சுவரிலேயே எழுதிப்போட்ட சபை இது ஒன்றுதான். அப்படி எழுதிப்போட்டதில் ஒரு சௌகரியம் இருந்தது. சம்பளம் வாங்குகிறவனை ‘ஏன்ப்பா இப்படிச் செஞ்சே’ என்று கேட்டுவிடலாம். சும்மா உழைக்கிற புண்ணியவானை யார் என்ன கேட்பது?

பேரவை வாசலில் ஒரு துணிப் பதாகை. ‘இசையின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது’ என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. கதவுக்குக் குறுக்கே கட்டியிருந்ததால் உள்ளே வருகிறவர்கள் குனிந்துதான் வரவேண்டும். தலைவர் ஜனகராஜ் கொஞ்சம் குள்ளம். அவருக்கு அது இடித்ததில்லை. அதனால் மற்றவர்களுக்கு இடிக்கும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

கண்ணுச்சாமி நல்ல உயரம். கப்பலூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் சரண்யாதேவியைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றபோது, குனிவதா, பதாகையைத் தூக்கிப் பிடிப்பதா என்று யோசித்தார். வந்த இடத்தில் எதையும் தொட வேண்டாம் என்று குனிந்தே போனார்.

மகள்தான் வந்தே தீருவேன் என்றவள். எட்டாம் வகுப்பு. அதற்கு முந்தைய வாரம் பேரவை ஒரு வேன் நிறைய வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு அவளுடைய அரசுப் பள்ளிக்கு வந்திருந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு தரம் கிளாரினெட்டை ஊதச் சொன்னார்கள். எல்லார் வாயிலிருந்தும் காற்றுதான் வந்தது. சரண்யாதேவி ஊதியபோது சத்தம் வந்தது. நீளமாக, கொஞ்சம் கோணலாக, வழி தெரியாமல் வந்து நின்ற விருந்தாளி மாதிரி ஒரு சத்தம். வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிற ராகேஷ் அவளை நிமிர்ந்து பார்த்தான். இன்ஜினியரிங் படிக்கிற பையன். பேரவையில் வாத்தியம் தெரிந்த பெரியவர்கள் யாரும் இல்லாததால் அவனே மாஸ்டர்.

“இதுக்கு முன்னாடி ஊதியிருக்கியா பாப்பா?”

“இல்லண்ணே.”

“எனக்கு மொதல் சத்தம் வர ஒரு வாரம் ஆச்சு,” என்றான் அவன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பிடவில்லை. அம்மா ராமக்காள் என்னவோ ஏதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காச்சல் இல்லம்மா. எனக்கு அந்தக் கிளாரினெட்டு வாசிக்கணும்” என்றாள் சரண்யா. அதுவரை அந்தப் பிள்ளை தனக்கென்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டதில்லை. கண்ணுச்சாமி ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

பேரவைக்குள் வாசிக்கிற பிள்ளைகளைவிடச் சட்டையில் அட்டை குத்திய பெரியவர்கள் அதிகம். ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்பாளர்களை ஒருங்கிணைப்பவர். ஜவுளிக்கடையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு இசைத்தொண்டுக்கு வந்த ஜனகராஜ் மைக்கைப் பிடித்தார்.

“இசை என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தானா? இல்லை. வசதி இல்லாதவர்களும் கேட்கலாம். கேட்க மட்டும்தானா? இல்லை. பார்க்கவும் செய்யலாம். பார்க்க மட்டும்தானா? இல்லை, நான் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், தொட்டுக்கூடப் பார்க்கலாம். அந்த அளவுக்கு இந்தப் பேரவை இறங்கி வந்திருக்கிறது.”

எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணுச்சாமியும் தட்டினார். தட்டிய பிறகுதான், ‘வாசிக்கலாம்’ என்ற சொல் எங்கேயாவது வந்ததா என்று யோசித்தார். வந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து, பெற்றோர் ஒவ்வொருவரும் தன்னார்வலராகச் சேர வேண்டும் என்றார்கள். விருப்பம் இருந்தால் சேரலாம்; விருப்பம் இல்லையென்றால் பிள்ளையைச் சேர்க்க முடியாது. கண்ணுச்சாமிக்கு ‘இருக்கை அமைப்புத் துணை ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒரு அட்டை கிடைத்தது. பிளாஸ்டிக் சேர்களைக் காலையில் விரித்துப் போட்டு, மதியம் அடுக்கிவைக்க வேண்டும். கம்பெனியிலும் தூக்குகிற வேலைதான். ஆனால் அங்கே அட்டை குத்தமாட்டார்கள்.

பிறகு நேர்காணல். எந்தப் பிள்ளைக்கு எந்த வாத்தியம் என்று முடிவு செய்வது செயலாளர் பத்மாசினி. ஒரு தனியார் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் எப்போதும் தேன். அவர் யாரையும் அதட்டியதாகச் சரித்திரமே கிடையாது.

“உங்க வீட்ல யாரு வாசிப்பா?” என்று கேட்டார்.

“யாரும் இல்லைங்கம்மா.”

“பரவாயில்ல, சொல்லுங்க. இங்க யாரும் எதையும் தப்பா நினைக்க மாட்டோம்.”

“நெசமாவே யாரும் இல்லைங்கம்மா. எங்க ஐயா காலம் வரைக்கும் அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டோம். இப்ப கொஞ்சூண்டு எடம் சொந்தமா இருக்கு. நான் கம்பெனிக்குப் போறேன்.”

“பறை அடிப்பீங்கல்ல?”

“எங்காளுக அடிக்கிறதில்லைங்க. அதுக்கு வேற ஆளுக இருக்காங்க. பிரமாதமா அடிப்பாங்க. நமக்கு அது வராது.”

பத்மாசினியின் கண்கள் கலங்கின. ஜனகராஜின் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா சார், எப்படி மறைக்க வச்சிருக்கு இந்தச் சமுதாயம்” என்றார்.

கண்ணுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லாத ஒன்றை எப்படி மறைப்பது? ஆனால் அந்த அம்மா தனக்காகக் கண்கலங்குகிறாரே, அதை மறுத்துப் பேசி இன்னும் அழவைக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தார். அந்த மௌனமும் சாட்சியமாகிவிட்டது. சரண்யாதேவிக்குப் பறை என்று முடிவாயிற்று.

“எனக்குக் கிளாரினெட்டு,” என்றாள் சரண்யா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள்.

ஜனகராஜ் அவள் தலையில் கைவைத்தார். “பாரம்பரியம் உள்ள பிள்ளைம்மா நீ. அதை உன்கிட்டேருந்து பிடுங்கிட்டு, வெள்ளைக்காரன் குழலைக் கையில கொடுத்தா அந்தப் பாவம் எங்களைச் சும்மா விடுமா?”

“அந்த அக்காவுக்குக் குடுத்திருக்கீங்கள்ல சார்?” என்று கைகாட்டினாள்.

ஸ்வப்னா பக்கத்துத் தெரு டாக்டரின் மகள். பதினொன்றாம் வகுப்பு. கிளாரினெட்டை மடியில் போட்டுக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

“அவங்களுக்குப் பாரம்பரியம் கிடையாதும்மா,” என்றார் ஜனகராஜ் உண்மையான வருத்தத்தோடு. “பாவம், அவங்க எதையாவது வாசிச்சுத்தானே ஆகணும்.”

தலைவரும் செயலாளரும் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ பேசி மெல்லச் சிரித்தார்கள். சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்தப் பாஷை தெரிந்த ராகேஷ் மட்டும் சிரிக்காமல் வாத்தியப் பெட்டியை மூடினான்.

இப்படியாக, பேரவையில் ‘விரிவாக்கப் பிரிவு’ உதயமாயிற்று. அதில் ஒரே ஒரு உறுப்பினர்.

பறை கொடுத்தாயிற்று. சொல்லிக்கொடுக்க ஆள்? பேரவையில் ஒருவருக்கும் அதைப் பிடிக்கக்கூடத் தெரியாது. கண்ணுச்சாமி தயங்கித் தயங்கி யோசனை சொன்னார். “எங்க ஊருக்குப் பக்கத்துல விருமாண்டின்னு ஒருத்தர் இருக்காருங்கம்மா. அவர் அடிச்சா நிக்கிறவன் ஆடுவான். கூட்டியாரட்டுமா?”

“விசாரிச்சோம்,” என்றார் பத்மாசினி அடுத்த ஞாயிறு. “அவர் பணம் கேக்குறார். இங்க எல்லாருமே தன்னார்வலர்கள். கலையைக் காசுக்கு விக்கிற ஒருத்தரைப் பிள்ளைங்க முன்னாடி நிறுத்துறது சரியா இருக்குமா, சொல்லுங்க?”

ஆகவே அவரே போனில் வீடியோ பார்த்துக் கற்பித்தார். தோலை நெருப்பில் காட்டி விறைப்பேற்ற வேண்டும் என்று வீடியோவில் வந்தது. பேரவை வளாகத்தில் தீ மூட்டினால் குடியிருப்போர் சங்கம் சும்மா இருக்காது. பத்மாசினி வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்துகிற மெஷினை எடுத்துவந்து பறையின் முகத்துக்கு நேரே பிடித்தார். அது ‘ஸ்’ என்று ஊதியது. பறை கொஞ்சமும் அசைந்துகொடுக்கவில்லை. பறையை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பது சரண்யாவின் வேலையாக இருந்தது. பல ஞாயிறுகள் அவளுடைய இசைப்பயிற்சி அதுதான்.

மற்ற பிள்ளைகளின் பயிற்சியும் பெரிதாக நடந்துவிடவில்லை. அரங்கில் எப்போதும் ‘இசையை எல்லோருக்கும் கொண்டுசேர்ப்பது எப்படி’ என்று கூட்டம் நடந்துகொண்டிருந்ததால் வாசிக்க இடமில்லை. பேரவை தொடங்கிய நாளிலிருந்து குழு வாசிப்பது ஒரே ஒரு அணிவகுப்பு மெட்டு. அதையும் பாதிவரைதான் எட்டியிருந்தார்கள்.

ராகேஷ்தான் ஒரு நாள் கண்ணுச்சாமியிடம் வந்தான். “அண்ணே, நீங்க சேர் அடுக்கி முடிக்க எவ்வளவு நேரமாகும்?”

“டக்குன்னு முடிச்சிருவேன் தம்பி.”

“மெதுவா முடிங்க.”

கண்ணுச்சாமிக்கு அந்த ஒன்று உடனே புரிந்தது. அன்றிலிருந்து அவர் சேர் அடுக்குகிற வேகம் பாதியாகக் குறைந்தது. அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். ‘நல்ல கவனமா செய்யிறாரு’ என்று பொறுப்பாளர்கள் மெச்சினார்கள். அந்த நேரத்தில் கட்டிடத்துக்குப் பின்னால், தண்ணீர் மோட்டார் இருக்கிற மூலையில், ஸ்வப்னா போட்டுவிட்டுப் போன கிளாரினெட்டை வைத்து ராகேஷ் சரண்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

“கீழுதட்டைப் பல்லு மேல மடிச்சு வை. கன்னத்தை உப்பாத. காத்தை வயித்துலேருந்து தள்ளு.”

முதலில் வந்த சத்தம் தாயைக் காணாத கன்றுக்குட்டி கத்துவது மாதிரி இருந்தது. கண்ணுச்சாமி யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். சில வாரங்களில் சத்தத்துக்கு எலும்பு வந்தது. பிறகு ஒரு மதியம், கையில் சேரோடு நின்றவர் அதைக் கீழே வைக்க மறந்துபோனார். அந்த அணிவகுப்பு மெட்டு, மொத்தக் குழுவும் பாதியில் விட்டுவிடுகிற மெட்டு, சுவருக்குப் பின்னாலிருந்து முழுசாக வந்தது. அவருக்கு இசை தெரியாது. நம்ம பிள்ளை ஒன்றைத் தொடங்கி முடித்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

வெளியே வந்த சரண்யாவின் உதட்டில் ஒரு தடம் இருந்தது. “வலிக்குதாடா?” என்றார்.

“வலிச்சாத்தான் சரியா வாசிக்கிறோம்னு அர்த்தமாம்ப்பா,” என்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அம்புட்டுப் பேச்சு அவளுக்குள் இருந்தது அவருக்கு அன்றுதான் தெரியும்.

மெட்டு முழுசாகக் கேட்டால் பேரவைக்குச் சந்தேகம் வராதா? வந்தது. விசாரணைக் கூட்டம் கூடியது; பேரவையில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை என்பதால் அதற்கு ‘அன்புச் சந்திப்பு’ என்று பெயர். எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்கள்.

ஸ்வப்னாவே எழுந்து, “அங்கிள், எனக்கு நீட் கோச்சிங் இருக்கு. இது எனக்கு வேண்டாம். அந்தப் பொண்ணுக்கே கொடுத்துடுங்க. அவ நல்லா வாசிக்கிறா” என்றாள். அவளுடைய அம்மாவும் தலையாட்டினாள். கண்ணுச்சாமி கையிலிருந்த சமோசாவை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். தருகிறவர்கள் தயார், வாங்குகிறவள் தயார். இனி என்ன இருக்கிறது?

பத்மாசினி நாற்காலியை சரண்யாவின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கண்ணா, நீ கிளாரினெட்டுக்குப் போயிட்டா விரிவாக்கப் பிரிவுல யாரு இருப்பா?”

“யாரும் இல்ல டீச்சர்.”

“அப்ப நாங்க யாருக்கு விரிவாக்குறது? நீயே சொல்லு. ஆண்டு விழாவுக்கு நன்கொடையாளர் வர்றார். விரிவாக்கப் பிரிவு எங்கன்னு கேட்டா என்ன காட்டுறது?”

“வேற பிள்ளைகளைச் சேருங்க டீச்சர். எங்க ஸ்கூல்ல நெறையப் பேர் வருவாங்க.”

“அவங்களும் உன்ன மாதிரியே கத்துக்கிட்டா?” என்றார் பத்மாசினி. அவர் குரலில் அப்போதும் தேன் குறையவில்லை.

ஜனகராஜ் முடித்துவைத்தார். “வாய்ப்பு இல்லாதவங்களுக்கு வாய்ப்பு தர்றதுதான் பேரவையோட உயிர்நாடி. வாய்ப்பு கிடைச்சவங்களுக்கு வாய்ப்பு தர்றது நம்ம வேலை இல்லையே. ராகேஷ், நீ சின்னப் பையன். ஆர்வம் இருக்கலாம், அவசரம் கூடாது.”

ராகேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமா முறை வருகிற ஜனகராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மோட்டார் மூலைக்கு ஒரு கம்பிக் கதவு போட்டார்கள். கதவு நன்கொடையாகக் கிடைத்தது.

“வந்துருவமாடா, வேணாம்னு?” என்று அன்று வழியில் கேட்டார் கண்ணுச்சாமி.

“ஆண்டு விழா வரைக்கும் இருப்பம்ப்பா,” என்றாள் பின்னாலிருந்து. “மேடையில ஏத்துவாங்கள்ல. அங்க வச்சுக் கேட்டாத் தருவாங்க. அம்புட்டுப் பேர் முன்னாடி இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.”

ஆண்டு விழா அன்று கண்ணுச்சாமி விடியற்காலையிலேயே போய் மண்டபம் நிறையச் சேர் போட்டார். சரண்யாவுக்குக் கண்டாங்கிச் சேலை கட்டி, காலில் தண்டை மாட்டி, கன்னத்தில் பொட்டு வைத்து, ‘கிராமத்துப் பெண்’ ஆக்கியிருந்தார்கள். அவளை ஊரில் அப்படி யாரும் பார்த்ததில்லை. ராமக்காள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, “யாருங்க அது, நம்ம பிள்ளையா?” என்று புருஷனிடம் கேட்டாள்.

மேடையில் வாத்தியக் குழு. ஸ்வப்னா வரவில்லை, கோச்சிங்கில் பரீட்சை. வரிசையில் ஓட்டை தெரியக் கூடாதென்று அவளுடைய நாற்காலியைப் போட்டு, அதன்மேல் கிளாரினெட்டைப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் பறையோடு சரண்யா. நன்கொடையாளர் குத்துவிளக்கு ஏற்றும்போது நாலு தட்டு தட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

தலைவர் உரை நீண்டது. “இந்தக் குழந்தையைப் பாருங்கள். நாங்கள் இல்லையென்றால் இன்று இவள் எங்கே இருந்திருப்பாள்?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் படித்துக்கொண்டிருப்பாள் என்பது கண்ணுச்சாமிக்குத் தெரியும். ஆனால் அது பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை.

குழு வாசிக்கத் தொடங்கியது. அதே மெட்டு. பாதி வந்ததும் வழக்கம்போல் தள்ளாடியது. ஒவ்வொரு வாத்தியமாக வழுக்கி நின்றது. சரண்யா நாற்காலியைப் பார்த்தாள். குச்சிகளைக் கீழே வைத்தாள். கிளாரினெட்டை எடுத்து உதட்டில் வைத்தாள்.

விட்ட இடத்திலிருந்து மெட்டு நடந்தது. ஒரு அடி, இரண்டு அடி. தடுமாறிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்து அவளோடு சேரப் போனார்கள். கண்ணுச்சாமி ராமக்காளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். பத்மாசினி மேடையின் ஓரத்திலிருந்து வந்து, கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே, கிளாரினெட்டின் அடிப்பகுதியைப் பிடித்தார். சரண்யா விடவில்லை. இருவரும் ஒரு கணம் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போட்டோக்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

“இப்ப இல்ல கண்ணா,” என்பது ஒலிபெருக்கியில் மெல்லக் கேட்டது. சரண்யா விட்டாள். குச்சிகளை எடுத்தாள். விளக்கு ஏற்றப்பட்டபோது நாலு தட்டுத் தட்டினாள். கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் அந்தப் படம் பேப்பரில் வந்தது. பிடுங்குவதற்கும் கொடுப்பதற்கும் போட்டோவில் வித்தியாசம் கிடையாது. இரண்டு கைகள், நடுவில் ஒரு குழல், ஒரு அம்மாளின் புன்னகை. ‘ஏழைச் சிறுமிக்குக் கிளாரினெட் வழங்கி ஊக்குவிப்பு’ என்று கீழே போட்டிருந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

“மாப்ள, ஒம் மகளுக்கு அம்புட்டு வெல ஒசந்த சாமானைக் குடுத்துட்டாங்களாமே,” என்றான் கூட லோடு ஏற்றுகிற மருது. “டீ வாங்கிக் குடுறா.”

கண்ணுச்சாமி டீ வாங்கிக் கொடுத்தார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால், நல்லது செய்தவர்களைக் குறை சொல்கிறான் என்பார்கள். பேப்பரே சொல்கிறது, இவன் என்ன புதுசாகச் சொல்கிறான் என்பார்கள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து டீ சொன்னார்.

பேரவையில் விரிவாக்கப் பிரிவு முழு வெற்றி என்று தீர்மானம் போட்டார்கள். கிளாரினெட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், யாரும் தொடாதபடிக்கு. ராகேஷ் போன் செய்து, “அண்ணே, என்னால முடியலண்ணே” என்றான். அழுகிறான் போலிருந்தது. “நீ என்ன தம்பி பண்ணுவ. நல்லாப் படி” என்று இவர்தான் தேற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பத்மாசினியிடமிருந்து சேர் போட அழைப்பு வந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சரண்யா குளித்து, சுடிதார் போட்டு, வாசலில் வந்து நின்றாள்.

“எங்கடா?”

“திருமங்கலம் வாரீகளாப்பா. பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் சென்டர் இருக்கு. எங்க கிளாஸ் பிள்ளைக ரெண்டு பேர் சேந்திருக்காளுக. நானும் சேர்றேன்.”

அவர் வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அழுத முகம் இல்லை. அதுதான் அவருக்கு என்னவோ செய்தது.

“டைப்ரைட்டிங்கா? ஒனக்கு அது ஆசையாடா?”

“ஆசையெல்லாம் இல்லப்பா.”

“அப்பறம்? கிளாரினெட்டு கத்துக்குடுக்க வேற எடம் இருக்குதான்னு விசாரிக்கட்டுமா? சும்மா சொல்லிக்குடுக்கிற எடம் ஒண்ணு இல்லாமயா போகும்?”

“வேணாம்ப்பா.” அவள் அவசரமாகச் சொன்னாள். “சும்மா வேணாம். அங்க ஃபீஸ் கட்டணும்.”

“கட்டணுமா?”

“ஆமாப்பா. மாசாமாசம் கட்டணும். கட்டிட்டா ஒரு மணி நேரம் அந்த மெஷின் நம்மளுது. போட்டோ எடுக்க மாட்டாங்க. எந்திரின்னு சொல்ல மாட்டாங்க.”

சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் கிக்கரை உதைத்தார். உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொரு தரம் உதைக்கும்போது பின்னாலிருந்து அவள், “கேட்டுப் பாத்தேம்ப்பா, அங்க யாரும் என்ன ஆளுன்னு கேக்கல” என்றாள்.